வாத்தியார் வென்ற தங்கம்

சித்தூரிலிருந்து வேலூருக்குப் போகும் வழியில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது குடிபாலா. தெலுங்கும் தமிழும் ஒரே டீக்கடை பெஞ்சில் புழங்கும் வட்டாரம். சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்ததும் பையன்கள் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் கிரிக்கெட் மட்டையைத்தான். கால்பந்து என்றால் ராத்திரி டி.வி.யில் வரும் ஐரோப்பிய ஆட்டம். இந்தியக் கால்பந்தை ஆசியாவின் உச்சிக்குக் கொண்டுபோனவர் அன்று அவர்களுடைய மாநிலத்துக்காரராக இருந்தவர் என்று சொன்னால் நம்புவது கடினம். அவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்றால் இன்னும் கடினம்.

சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது, பிறகு ஆந்திராவில். 1956 நவம்பர் 1-ல் ஹைதராபாத் வந்து சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் உருவானது. அந்தப் புதிய மாநிலத்துக்கு வயது ஒரு மாதம் ஆவதற்குள் ஹைதராபாத்காரரான சையத் அப்துல் ரஹீம் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணியுடன் நின்றுகொண்டிருந்தார்.

நல்ல ஆட்டக்காரர்தான் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்பது ரசிகர்களின் நம்பிக்கை. கால்பந்தின் சரித்திரம் அதற்குச் சாட்சி சொல்வதில்லை. ஸ்காட்லாந்தின் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓரளவு பெயரெடுத்த ஆட்டக்காரர், அவ்வளவுதான். 1974-ல், 32 வயதில், ஈஸ்ட் ஸ்டெர்லிங்ஷயர் என்ற கீழ்மட்ட அணிக்கு மேலாளரானார். பகுதி நேர வேலை. வாரத்துக்கு 40 பவுண்டு சம்பளம். அவர் போய்ச் சேர்ந்தபோது அணியில் ஒரு கோல் கீப்பர்கூட இல்லை. பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டை 26 ஆண்டுகள் ஆண்டு 13 முறை லீக் பட்டம் வென்றவர் தொழில் கற்றது இப்படிப்பட்ட இடங்களில்தான். கையில் இல்லாததை நினைத்துப் புலம்பாமல், இருப்பதை வைத்து அணி கட்டும் தொழில் அது.

ரஹீம் இதே பாடத்தை அதற்கு 30 ஆண்டுகள் முன்பே படித்துவிட்டார். 1909-ல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழக அணிக்கும், உள்ளூர் லீக்கில் கமர் கிளப்புக்கும் ஆடியவர். ஹைதராபாத்துக்கு வெளியே ஆட்டக்காரராக அவரை யாருக்கும் தெரியாது. படித்து முடித்ததும் ஆசிரியர் வேலைக்குப் போனார். உடற்கல்வியில் பட்டயம் பெற்றுப் பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கச் செயலாளர். 1950-ல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியின் பயிற்சியாளர்.

கல்கத்தாவின் பெரிய கிளப்புகளைப் போலப் பணமோ கூட்டமோ இல்லாத அந்தப் போலீஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இதில் மந்திரம் எதுவும் இல்லை. ரஹீம் ஹைதராபாத்தில் சில விநோதமான போட்டிகளை நடத்தினார். ஒன்றில் பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு ஓடி எதிராளியை ஏமாற்றக் கூடாது. வந்த பந்தை உடனே சக ஆட்டக்காரருக்குத் தட்டிவிட வேண்டும். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். பலவீனமான பாடத்தில் கூடுதல் வீட்டுப்பாடம் கொடுக்கும் வாத்தியார் புத்தி. உடல் வலுவில் வெளிநாட்டாரோடு மோத முடியாது. ஆள் ஓடுவதைவிடப் பந்து வேகமாக ஓடட்டும் என்பது கணக்கு.

கணக்கு தப்பியதும் உண்டு. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், பலர் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று நொறுங்கியது. பயிற்சியாளர் ரஹீம்தான். 4 ஆண்டு கழித்து மெல்போர்னில் அதே யுகோஸ்லாவியாவுக்கு எதிரே, இப்போது பூட்ஸ் அணிந்து, இந்தியா முதல் கோலைப் போட்டது. ஆட்டம் 1-4 என்று கைநழுவினாலும் அது அரையிறுதி. ஆசியாவிலிருந்து அதுவரை எந்த அணியும் ஒலிம்பிக் கால்பந்தில் அந்த இடத்தைத் தொட்டதில்லை. அதற்கு முந்தைய சுற்றில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என வீழ்த்தியிருந்தார்கள். கடைசியில் கிடைத்தது 4-வது இடம்.

அந்த அணியில் துளசிதாஸ் பலராம் இருந்தார். செகந்திராபாத் பக்கம் அம்முகூடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரஹீம் கண்ணில் பட்டபோது, பயிற்சிக்காக ஹைதராபாத் வந்துபோகப் பையனிடம் காசில்லை. சைக்கிள் வாடகைக்கு ரஹீம் பணம் கொடுத்ததைப் பலராம் பிற்காலத்தில் நினைவுகூர்வதுண்டு. அந்தச் சைக்கிள் பையன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கும் பெருவுக்கும் எதிராகக் கோல் போட்டார். 2023-ல் காலமானார்.

ரஹீமின் பெரிய பரீட்சை 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல். வேறொருவராக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்னணியில் நிறுத்தினார். செப்டம்பர் 4-ல் இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென் கொரியா. அரங்கு முழுக்க இந்தியாவுக்கு எதிரான கூச்சல். ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒரு கோல். 2-1. தங்கம்.

9 மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ல், ரஹீம் புற்றுநோயால் இறந்தார். வயது 53. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதற்குப் பிறகு தங்கம் வென்றதில்லை. பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டதே 1985-ல்தான். 2024-ல் அவரைப் பற்றி ‘மைதான்’ என்ற இந்திப் படம் வந்த பிறகே அந்தப் பெயரைப் பலர் முதல் முறையாகக் கேட்டார்கள்.

தேசிய அணிக்குப் பயிற்சியாளர் தேவைப்படும்போதெல்லாம் வெளிநாட்டைப் பார்ப்பது வழக்கமாயிற்று. 2025 ஆகஸ்டில்தான் பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் இந்தியர், காலித் ஜமீல், அந்தப் பொறுப்புக்கு வந்தார். அவரும் கீழிருந்து வந்தவர்தான்: முந்தைய பருவத்தில் கடைசி வரிசையில் கிடந்த மிசோரத்தின் ஐஸால் அணியை 2017-ல் ஐ-லீக் சாம்பியனாக்கியவர்.

தங்கத்தின் கதை எப்போதும் அரங்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. அது தொடங்குவதோ பள்ளி மைதானத்தில், விசில் ஊதும் ஒரு வாத்தியாரிடம். குடிபாலாவிலும் ஒரு பலராம் இருக்கலாம். அவன் சித்தூருக்குப் பயிற்சிக்குப் போய்வர வேண்டியது பஸ் காசு. ஏன் நேற்று வரவில்லை என்று கேட்க ஒரு ரஹீம்.