தப்பு செய்யாதவருக்கு அபராதம்!

சிக்னலில் நின்றுகொண்டிருக்கிற காரைப் பின்னால் வந்த கார் இடிக்கிறது. இடித்தவர் இறங்கி வந்ததும் முதலில் "சாரி சார், பிரேக் பிடிக்கல" என்கிறார். நாலு பேர் கூடியதும் குரல் மாறுகிறது. "நீங்க ஏன் சார் திடீர்னு பிரேக் போட்டீங்க?" மச்சானுக்கு ஒரு போன் போட்டுப் பேசிய பிறகு "என் மேல தப்பே இல்ல, வேணும்னா கேஸ் போட்டுக்கோங்க" என்று கிளம்பியே விடுகிறார். சென்னையோ மதுரையோ, கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதுக் கதை இல்லை.

(பைக்கும் காரும் மோதினால் வேறு தீர்ப்பு: பெரிய வண்டிதான் தப்பு. எந்த மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்படி இல்லை, ஆனாலும் டீக்கடை கோர்ட்டில் அப்பீல் கிடையாது. அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.)

அவர் பொய் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. பயத்தில் மனுஷன் பொய் சொல்வான். அந்தப் பொய்யைச் சோதித்துப் பார்க்கவேண்டிய அவசியமே யாருக்கும் வராதபடி நம் ஊர் கார் இன்சூரன்ஸ் அமைந்திருக்கிறதே, ஆச்சரியம் அங்கேதான்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இன்சூரன்ஸ் பாடத்தில் 'சப்ரொகேஷன்' என்று ஒரு தத்துவம் சொல்லிக் கொடுப்பார்கள். நஷ்டத்தை கம்பெனி ஈடுகட்டிவிட்டால், அந்த நஷ்டத்துக்குக் காரணமானவரிடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வந்துவிடும். ஐந்து மதிப்பெண் கேள்வி, எழுதிவிட்டு வரலாம். நடைமுறை வேறு. 'நாக் ஃபார் நாக்' என்று கம்பெனிகளுக்குள் ஓர் ஏற்பாடு. உன் வண்டியை நீ பார்த்துக்கொள், என் வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், ஒருவரிடம் ஒருவர் கேட்கவேண்டாம். அப்புறம் யார் தப்பு என்று விசாரிக்க யாருக்கு என்ன வேலை?

விசாரிக்காவிட்டால் போகட்டும், பணம்தான் வந்துவிடுகிறதே என்பார்கள். வருகிறதா என்று கணக்குப் போடலாம்.

ஐந்து வருடம் கிளெய்மே செய்யாதவருக்கு, சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் நோ கிளெய்ம் போனஸ். அந்த பிரீமியம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அவர் கட்டுவது 6,000. இப்போது பின்னால் வாங்கிய இடிக்காக கிளெய்ம் செய்கிறார். போனஸ் பூஜ்யம். அடுத்த வருடம் 12,000 கட்டவேண்டும். அதற்கடுத்த வருடங்களில் 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடுவதற்குள், பிரீமியம் மாறவே இல்லை என்று கொண்டாலும், கூடுதலாகக் கட்டுவது 6,000 + 3,600 + 3,000 + 1,800 + 600. மொத்தம் 15,000 ரூபாய்.

ஒர்க்‌ஷாப் பில் 18,000, அதில் பம்பர் 8,000 என்று வையுங்கள். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், 4,000 போச்சு. கட்டாயக் கழிவு 1,000. பெயிண்டுக்குக் கழிப்பதை விட்டுவிட்டாலும் கையில் வருவது 13,000. அதை வாங்கியதற்காக இழப்பது 15,000! சும்மா நின்ற காரின் சொந்தக்காரருக்கு, கிளெய்ம் செய்ததாலேயே 2,000 ரூபாய் நஷ்டம்.

இடித்தவருக்கு? இங்கேதான் வயிறு எரிகிறது. இந்த போனஸ் சொந்த வண்டிச் சேதத்துக்கு மட்டும் உரியது. மூன்றாம் நபர் கிளெய்ம் எத்தனை வந்தாலும் அதில் கை வைப்பதில்லை. மூன்றாம் நபர் பிரீமியமோ என்ஜின் அளவைப் பார்த்து அரசு நிர்ணயிப்பது. 2022 ஜூனில் 1000 முதல் 1500 சி.சி. காருக்கு 3,416 ரூபாய் என்று வைத்தார்கள், நிதானமாக ஓட்டுபவருக்கும் அதே, வாரம் ஒருவரை இடிப்பவருக்கும் அதே. தன் பானட்டில் விழுந்த நசுங்கலைக் கைக்காசில் தட்டிக்கொண்டால் அவருடைய போனஸ் பத்திரம்.

"கேஸ் போட்டுக்கோங்க" என்றாரே, போட முடியாதா? முடியும். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் பொருள் சேதத்துக்கும் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம், சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் அந்தத் தீர்ப்பாயம். எதிராளியின் பாலிசியில் வழக்கமாக ஏழரை லட்சம் வரை இதற்கு இடம் உண்டு. அவர் மறுப்பதால் மட்டும் கேஸ் தோற்றுவிடாது. கிரிமினல் கேஸ் மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று 2009-இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டிகளை நகர்த்துவதற்கு முன்னால் நம்பர் பிளேட்டோடு நாலு போட்டோ, டாஷ்கேம் பதிவு, பக்கத்துக் கடைக்காரரின் போன் நம்பர், ஸ்டேஷனில் புகார் கொடுத்து ஒரு சி.எஸ்.ஆர். ரசீதாவது... இவை இருந்தால் மச்சானின் யோசனை எடுபடாது. மனுவை 6 மாதத்துக்குள் போடவேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, அதனால் ஆறப்போடக் கூடாது.

ஆனால் 18,000 ரூபாய்க்காக யார் லீவு போட்டு வாய்தாவுக்கு அலைவார்கள்? உயிர் போனால் 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று, யார் தப்பு என்று நிரூபிக்காமலே வாங்க 164-ஆம் பிரிவு இருக்கிறது. நியாயம்தான். நசுங்கிய டிக்கிக்கு அப்படி ஒரு குறுக்கு வழி இல்லை. இது இடித்தவருக்கும் தெரியும், அவர் மச்சானுக்கும் தெரியும்.

நாக் ஃபார் நாக் இல்லாவிட்டால் கம்பெனிகள் ஒன்றோடொன்று வழக்காடியே காலம் போய்விடும், செலவு பிரீமியத்தில்தான் ஏறும் என்று ஒரு வாதம். பாதி உண்மை. ஆயிரக்கணக்கான விபத்துகளில் ஒரு கம்பெனிக்கு வரவும் போக்கும் ஏறக்குறைய நேராகிவிடலாம். வண்டிக்காரருக்கு இருப்பதோ ஒரே விபத்து, அது எதோடு நேராகும்? கம்பெனிகள் தங்களுக்குள் பணம் கேட்காமல் இருக்கட்டும், தாராளமாக. அதற்காக போனஸை ஏன் பறிக்கவேண்டும்? பிரிட்டனில், முழுத்தொகையும் எதிர்த் தரப்பிலிருந்து வசூலாகிவிட்டால் தப்பு செய்யாதவரின் போனஸைப் பொதுவாகத் தொடுவதில்லை. இங்கே டாஷ்கேம் பதிவைக் கொடுத்தாலும் போனஸ் போனது போனதுதான்.

இதற்கும் கம்பெனிகள் ஒரு மருந்து வைத்திருக்கின்றன. 'போனஸ் பாதுகாப்பு' என்று ஓர் ஆட்-ஆன், எடுத்துக்கொண்டால் கிளெய்முக்குப் பிறகும் போனஸ் போகாதாம். அதற்குத் தனி பிரீமியம், ஒழுங்காக ஓட்டுகிறவரே கட்டவேண்டும்.