ஒரு சின்னத் தப்பு. 85 லட்சம் கம்ப்யூட்டர் நின்றது!

2024-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, வெள்ளிக்கிழமை. திருவண்ணாமலையில் மறுநாள் மாலை பவுர்ணமி. கிரிவலத்துக்கு வரும் ஜனங்களுக்காக ஊரே தயாராகிக் கொண்டிருந்தது.

காலை 9 மணி 39 நிமிடம். அமெரிக்காவில் உள்ள 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற கம்பெனி, தன் வாடிக்கைக்காரர்களின் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு சின்னப் 'பைலை' அனுப்பியது. அவ்வளவுதான்! உலகமெங்கும் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டன.

ஆஸ்பத்திரிகள் தடுமாறின. பாங்கிகள் தடுமாறின. விமானங்கள் கிளம்பவில்லை. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குச் சீட்டைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள்!

பகைவன் சதியா? இல்லை. திருடன் நுழையாமல் காப்பதற்காக வைத்த காவல் 'புரோகிராம்' அது. காவல்காரனே வீட்டுக்காரனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான்!

இலைக் கணக்கு

புரோகிராம் என்றால் என்ன? முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளை. அதை எழுதுகிறவர் புரோகிராமர்.

நடந்த தப்பு என்ன என்பதை அந்தக் கம்பெனியே பிறகு விளக்கமாக வெளியிட்டது. சுலபமாகச் சொல்லலாம். கல்யாணப் பந்தியில் 20 இலை போட்டிருக்கிறது. சீட்டில் மட்டும் 21 என்று எழுதியிருக்கிறது. மனிதன் என்றால், "21-வது இலையே இல்லையே!" என்று திரும்பி வந்துவிடுவான். கம்ப்யூட்டருக்கு அந்த யோசனை கிடையாது. "21-வது இலையைப் பார்" என்றால், இல்லாத இலையைத் தேடிப் போய்க் கிணற்றில் விழும். அன்று விழுந்தது.

முன்பே பரீட்சை செய்து பார்க்கவில்லையா? செய்தார்கள். ஆனால் அந்தப் பரீட்சைகளில் 21-வது இலையைத் தொட வேண்டிய சந்தர்ப்பமே வரவில்லை. சரிபார்ப்பதற்கென்று வைத்திருந்த இன்னொரு புரோகிராமும், இலை 21 இருக்கும் என்றே நம்பிவிட்டது.

இவ்வளவும் ஒரு தப்பு. இதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. பைலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதுதான்! 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். ஆனால் படுத்த யந்திரங்களில் பலவற்றை ஆள் போய் ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. புதிதாகக் காய்ச்சிய பாயசத்தை முதலில் ஒரு கரண்டி ருசி பார்க்காமல் ஊர்ப்பந்தி முழுவதற்கும் ஊற்றுவார்களா?

பக்கத்து ஊர்க்காரர்

அமெரிக்காக் கதை இருக்கட்டும். நம் கதைக்கு வருவோம்.

2019-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி அதிகாலை, சந்திரயான்-2 அனுப்பிய 'விக்ரம்' சந்திரனில் இறங்கும்போது விழுந்து நொறுங்கியது. நாடே கண் கலங்கியது. என்ன காரணம் என்பதை இஸ்ரோ தலைவராக இருந்த சோம்நாத் 2023-ல் எடுத்துச் சொன்னார். என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக உந்திவிட்டன. அதனால் வழி விலகல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அதைச் சரிசெய்ய 'விக்ரம்' வேகமாகத் திரும்ப வேண்டும். ஆனால் அவ்வளவு வேகமாகத் திரும்ப நேரிடும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆகவே புரோகிராம் அதற்கு இடம் கொடுக்கவில்லை! இறங்கவேண்டிய இடமும் 500 மீட்டர் சதுரம்தான்.

நல்ல நாளுக்கு எழுதிய புரோகிராம், கெட்ட நாளில் கைவிட்டுவிட்டது.

அடுத்த முறை திட்ட இயக்குநராக இருந்தவர் வீரமுத்துவேல். திருவண்ணாமலையில் ரெயில் ஏறினால் போய் இறங்கலாம், அந்த விழுப்புரத்துக்காரர். ரெயில்வே தொழிலாளியின் மகன். முதலில் படித்தது டிப்ளமோ.

இந்த முறை விஞ்ஞானிகள் கேள்வியையே மாற்றிக் கொண்டார்கள். "எப்படி ஜெயிப்பது?" என்று மட்டும் கேட்கவில்லை. "எதெல்லாம் கெட்டுப் போகும்? கெட்டால் என்ன செய்வது?" என்று கேட்டார்கள். கருவி கெட்டால்? என்ஜின் கெட்டால்? கணக்குத் தப்பினால்? ஒவ்வொன்றுக்கும் வழி செய்தார்கள். இறங்கும் இடத்தைச் சுமார் 4 கிலோ மீட்டர் நீளம், 2.4 கிலோ மீட்டர் அகலமாகப் பெரிதாக்கினார்கள். கருவிகளை ஹெலிகாப்டரைக் கொண்டு பரீட்சை பார்த்தார்கள். 2023 ஆகஸ்டு 23-ந் தேதி மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது.

கடைசி நாள் அவசரம்

அண்ணாமலையார் மலையின் உயரம் 2,668 அடி. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு உச்சியில் ஜோதி தெரியவேண்டும். அதற்காகக் கொப்பரையை முன்கூட்டியே மலைக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஓட்டை இருக்கிறதா என்று 5.59-க்குப் பார்ப்பவர் யாரும் இல்லை!

புரோகிராம் தொழிலில் இந்தக் கடைசி நிமிட வேலை சர்வசாதாரணம். தேதி குறித்துவிடுகிறார்கள். எழுதி முடிக்கவே நாள் போதவில்லை. சோதித்துப் பார்க்கும் வேலைதான் முதலில் வெட்டப்படுகிறது. வெட்டினால் அன்று யாருக்கும் தெரியாது. அதுதான் ஆபத்து!

இன்னொரு குறை, பிறருக்குப் புரியாமல் எழுதுவது. சில கணக்குப்பிள்ளைகளின் கணக்கு அவர்களுக்கு மட்டுமே விளங்கும். அவர் ஊருக்குப் போய்விட்டால் கடையை மூடவேண்டியதுதான். புரோகிராமும் அப்படியே. இன்று எழுதியவர் நாளை வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். திருத்த வருகிறவர் தலையைச் சொறிவார். ஆகவே நல்ல புரோகிராமர் அடுத்தவன் படிப்பதற்காகவே எழுதுவார். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டமாட்டார்.

இனி என்ன?

கேட்டால் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் யந்திரங்கள் வந்துவிட்டன. ஒரு நாள் வேலையைச் சில நிமிடத்தில் எழுதித் தள்ளுகின்றன. கடன் வாங்கிப் பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்த பெற்றோருக்குக் கவலை வராதா? வரத்தான் செய்யும். வெறுமனே எழுத மட்டும் தெரிந்தவருக்கு வேலை குறையும் என்றே தோன்றுகிறது. ஆனால் யந்திரம் எழுதியதிலும் 21-வது இலைத் தப்பு வருகிறது. பார்ப்பதற்கு மட்டும் வெகு அழகாக இருக்கும்! அதைப் படித்துப் பார்த்து, "இந்த இடத்தில் உடையும்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளை வேண்டும். நம் கல்லூரிகளில் எழுதுவதற்கு மார்க் உண்டு. பிறர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதற்கு எத்தனை மார்க்?

கிரவுட்ஸ்டிரைக் கம்பெனி இப்போது புதுப் பைலை முதலில் கொஞ்சம் பேருக்கு அனுப்புகிறது. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்களுக்குப் போகிறது.