சாவி வாங்குவதற்கு முன்னால்



பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் முன்பெல்லாம் ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர் என்றுதான் பேச்சு வரும். இப்போது இலங்கை, மலேசியா என்று கடல் தாண்டிப் பேச ஆரம்பித்துவிட்டோம். எங்கள் தெருவில் ஒரு பெண், கைக்குழந்தைக்காரி, போன வாரம் என்னிடம் கேட்டாள்: "அக்கா, இவர் இலங்கையில கார் வாடகைக்கு எடுத்து, தானே ஓட்டிக்கிட்டு நுவரெலியா வரைக்கும் போகலாம்கிறார். டிரைவர் இல்லாம எடுத்தா செலவு குறையுமாம். நம்பிப் போகலாமா?"

தாராளமாகப் போகலாம், ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போ என்றேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நம்மூரில் டாக்ஸி பிடித்துத் திருப்பதிக்கோ வேளாங்கண்ணிக்கோ போகிறோம். டயர் பஞ்சரானால் டிரைவர் பாடு. வழி தவறினால் டிரைவர் பாடு. போலீஸ் நிறுத்தினாலும் அவர் பாடு. நாம் பாட்டுக்கு முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டிரைவர் இல்லாமல் கார் எடுத்தால் அத்தனையும் வீட்டுக்காரர் தலையில் வந்து விழுகிறது. அவருக்கு வந்தால் நமக்கும் வந்த மாதிரிதானே! ஆகவே செலவுக் கணக்கு எழுதும்போது பொறுப்பையும் ஒரு செலவாகச் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

லைசென்ஸ் போதுமா?

போதாது. வெளிநாட்டில் ஓட்ட சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்று ஒன்று வேண்டும். இதைத் தருவது நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். புழல் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செங்குன்றத்திலேயே அலுவலகம் இருக்கிறது. பரிவாகன் வலைத்தளத்திலும் விண்ணப்பம் போடலாம். லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல்களோடு 1,000 ரூபாய் கட்டணம். ஒரு வருஷம் செல்லும். அதற்குள் லைசென்ஸ் காலாவதியானால் அதோடு இதுவும் போச்சு. ஆகவே முதலில் லைசென்ஸில் உள்ள தேதியைப் பாருங்கள். இந்த அனுமதி லைசென்ஸுக்குத் துணைதான். அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். "ஒரே நாளில் இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று போனில் வருகிற விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இலங்கைக்கு இன்னும் ஒரு படி இருக்கிறது. நம் அனுமதியைக் காட்டி, கொழும்பிலுள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் ஒப்புதல் வாங்கவேண்டும். அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்கவேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இதற்கு ஒரு கவுண்ட்டர் திறந்தார்கள். பல வாடகைக் கம்பெனிகள் நகல்களை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு இந்த வேலையை முடித்து வைக்கின்றன. கார் பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

இதில் நம்மவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கே விமானம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கினார்கள். கிட்டத்தில் இருக்கிறதே என்று யாழ்ப்பாணத்தில் போய் இறங்கி, "கார் கொடுங்கள்" என்றால், ஒப்புதல் தருகிற கொழும்போ 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது! தானே ஓட்டுவதாக இருந்தால் கொழும்பில் இறங்குவது நல்லது. யாழ்ப்பாணத்தில் இறங்குவதாக இருந்தால் டிரைவரோடு வண்டி எடுப்பதே சுலபம்.

இடமா, வலமா?

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, எல்லாம் நம்மைப்போல் இடப்பக்கம் ஓட்டுகிற நாடுகள். துபாய், அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனியில் வலப்பக்கம். முதல் தடவை வெளிநாட்டில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்க நாடுதான் ஏற்றது. "ஜி.என்.டி. ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு ரோடா?" என்று எங்கள் பக்கத்து ஆண்கள் சொல்வார்கள். ஓட்டுகிற கை ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். சட்டமும் இருக்கிறதே! உதாரணமாக, இலங்கையின் விரைவுச்சாலையில் பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போடவேண்டும் என்று 2025-ல் உத்தரவு போட்டார்கள். நாம் பின்னால் உட்கார்ந்து பெல்ட்டைத் தொட்டே பார்த்திருக்க மாட்டோம்.

கையெழுத்துப் போடுமுன்

வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கிற வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. சீட்டுக் கட்டுகிற நமக்குச் சின்ன எழுத்தைப் படிக்கிற பொறுமை அதிகம். நான்கு கேள்விகளை மறக்காதீர்கள்.

ஒன்று: இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பார்கள். "அடிபட்டால் முதலில் நாங்கள் கட்டவேண்டிய தொகை எவ்வளவு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு தொகை வரை வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான். கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றைப் பல ஒப்பந்தங்கள் விலக்கிவிடும்.

இரண்டு: முன்பணமாக எவ்வளவு பிடித்து வைப்பார்கள், எத்தனை நாளில் திரும்பும்? பல இடங்களில் ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்.

மூன்று: ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? அதைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு என்ன? கொழும்பிலிருந்து கண்டி ஏறக்குறைய 115 கிலோமீட்டர். கண்டியிலிருந்து நுவரெலியா ஏறக்குறைய 80. போகவர, சுற்றிப் பார்க்க என்று கூட்டிப் பாருங்கள். மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது.

நான்கு: பெட்ரோல் எப்படி? டாங்க் நிறையக் கொடுத்து நிறைய வாங்குவதுதான் சண்டையில்லாத வழி.

சாவி கைக்கு வந்ததும் வண்டியை நான்கு பக்கமும் சுற்றி வந்து போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். கீறல், நசுங்கல், ஸ்டெப்னி, ஜாக்கி, பெட்ரோல் முள் எல்லாம் தெரியவேண்டும். எங்கள் உறவுக்காரர் ஒருவர் மலேசியாவில் எடுத்த வண்டியில் பழைய கீறல் ஒன்றுக்குப் பணம் கேட்டார்கள். அவர் மனைவி முதல் நாளே எடுத்துவைத்திருந்த படத்தைக் காட்டியதும் பேச்சு அடங்கிப்போயிற்று.

குழந்தை எங்கே உட்காரும்?

இளம் தாய்மார்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். மடியில் வைத்துக்கொண்டால் குழந்தை பத்திரம் என்று நினைக்கிறோம். வண்டி சடாரென்று நின்றால் எந்தத் தாயின் கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தைக்கென்று தனி சீட் இருக்கிறது. கைக்குழந்தைக்கு அது பின்பக்கம் பார்த்தபடி, பின் சீட்டில் பொருத்தப்பட வேண்டும். முன் சீட்டில் ஏர்பேக் இருந்தால் அங்கே இந்த சீட்டை வைக்கவே கூடாது. விரியும் ஏர்பேக் குழந்தையைக் கொன்றுவிடும். இங்கிலாந்தில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை குழந்தைக்குத் தனி சீட் என்பது சட்டம். நாம் போகிற நாட்டில் யாரும் கேட்காவிட்டாலும், வண்டி பேசும்போதே குழந்தையின் வயதையும் எடையையும் சொல்லி சீட் கேளுங்கள். "இல்லை" என்றால் வேறு கம்பெனி பாருங்கள்.

வாந்தி வருகிற பிள்ளைகளுக்குக் கிளம்புமுன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். போன் பார்க்க விடாமல் தூரத்தில் தெரிகிற மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரை டாக்டரைக் கேட்டுத்தான். அந்த மாத்திரையும் ஜலதோஷ மாத்திரைகளில் பலவும் தூக்கத்தைக் கொடுக்கும். ஓட்டுகிறவர் வாயில் அவை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டீ குடித்துவிட்டு ஒரு நிமிஷத்தில் வருகிறோம் என்று குழந்தையைக் காருக்குள் விட்டுப் பூட்டாதீர்கள். வெயிலில் மூடிய கார் அடுப்பு மாதிரி.

மலையும் இருட்டும்

நுவரெலியா 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. கண்டியிலிருந்து ரம்பொடை வழியாக வளைந்து வளைந்து ஏறவேண்டும். தேயிலைத் தோட்டம், அருவி, ரம்பொடை அனுமார் கோயில், அப்பால் சீதா எலியவில் சீதை அம்மன் கோயில் என்று மனம் நிறைகிற வழி. அதே வழியில் கொத்மலை அருகே 2025 மே மாதம் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்த நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலைநாட்டில் மண் சரிந்து எத்தனையோ குடும்பங்கள் போயின; பல பாதைகள் அறுந்தன. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மழை நாளில் அங்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும். அதைக் கேட்டுவிட்டு மலை ஏறுங்கள். ஹோட்டலுக்குக் கட்டிய பணம் போனாலும் போகட்டும்.

மலை இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய லாரிக்காரர்கள் பாடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணி நேரமாவது நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று அவர் சொன்னால், "குழந்தைக்குத் துணி மாத்தணுங்க" என்று சொல்லி நிறுத்துங்கள். பொழுது சாயுமுன் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஹபரணைப் பக்கம் இருட்டில் யானைகள் ரோட்டுக்கு வரும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போகும் ஏ-9 பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. போரினால் பல வருஷம் மூடிக் கிடந்து, 2002-ல் திறந்து, 2006-ல் மறுபடி மூடி, 2009-ல் போர் முடிந்த பிறகு திறந்த பாதை அது. எங்கள் புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. கிளிநொச்சி, ஆனையிறவு என்று நாம் பலகையில் படிக்கப்போகிற பெயர்கள் அங்குள்ளவர்களுக்குச் சொந்த ஊர்ப் பெயர்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் அடக்கத்தோடு போவோம். வடக்கில் கண்ணிவெடி எடுக்கும் வேலை 2009-க்குப் பிறகும் வருஷக்கணக்காக நடந்துவருகிறது. பிள்ளைகளுக்கு அவசரம் என்றால் ஓரத்துப் புதருக்குள் அனுப்பாதீர்கள். பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை பார்த்து நிறுத்துங்கள். சிவப்பில் மண்டையோடு போட்ட பலகை இருந்தால் இறங்கவே கூடாது.

அங்கே டிரைவரைச் சாரதி என்பார்கள். லைசென்ஸ், சாரதி அனுமதிப்பத்திரம். கார் நிறுத்துமிடம், வாகனத் தரிப்பிடம். இரண்டு எண்களை எழுதிக் கைப்பையில் வையுங்கள். போலீஸுக்கு 119, ஆம்புலன்ஸுக்கு 1990. இந்த 1990, நம் 108-ஐப் பார்த்து, இந்திய அரசின் உதவியோடு 2016-ல் தொடங்கிய இலவச சேவை.

யார் ஓட்டுவது?

கைக்குழந்தை, வயதான மாமியார், மலைப்பாதை, மழைக்காலம் இவற்றில் இரண்டு சேர்ந்தால் டிரைவரோடு வண்டி எடுங்கள் என்பேன். டிரைவர் படி, அவர் ராத்திரி தங்குமிடம், சாப்பாடு ஆகியவை வாடகைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். அந்த மனிதர் நன்றாகத் தூங்கினால்தான் மறுநாள் நம் பிள்ளைகள் பத்திரம்.

தானே ஓட்டுவது என்று முடிவானால் ஒரு காரியம் செய்யுங்கள். நம்மில் எத்தனையோ பேர் ஆசையாக லைசென்ஸ் வாங்கி பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறோம். அதை வெளியே எடுங்கள். ஊரிலேயே இரண்டு மாதம் நன்றாக ஓட்டிப் பழகுங்கள். அவருக்குச் சர்வதேச அனுமதி எடுக்கும்போது இன்னொரு 1,000 ரூபாய் கட்டி உங்களுக்கும் எடுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநர் என்று உங்கள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிட்டுவிடும். நுவரெலியாக் குளிரில் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால், தெரியாத ஊரில் குழந்தையை வைத்துக்கொண்டு திகைத்து நிற்கவேண்டாம். சமவெளி ரோட்டில் மெதுவாகவாவது நீங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு வரலாம்.