ஒரு சோறு பதமாகுமா?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது முன்னோர் வாக்கு. அடுப்படியில் அது உண்மை. ஒரே பானை, ஒரே உலை, ஒரே நெருப்பு. ஆகவே ஒரு பருக்கை மற்ற பருக்கைகளுக்கெல்லாம் சாட்சி சொல்கிறது. ஆனால் துப்பாக்கி சுடும் களத்தில் இப்பழமொழி செல்லாது என்பது என் கருத்து.

தேசிய மாணவர் படையில் சேர்ந்தோர் பாயிண்ட் 22 ரைஃபிளை அறிவர். அதன் தோட்டாவுக்கு 'ரிம்ஃபயர்' என்று பெயர். தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்பினுள் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கியதும் அது பற்றி, உள்ளிருக்கும் வெடிமருந்தைக் கொளுத்தும். விளிம்பைச் சுற்றி அம்மருந்து சீராக இல்லாவிடில், தோட்டாவுக்குத் தோட்டா குண்டின் வேகம் மாறும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இயற்பியல் மாணவன் என்ற முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன். வினாடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 10 மீட்டர் வேகம் குறைந்தால், 50 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! ஆனால் நாம் சுடும் 25 கஜத்தில் அதே வேறுபாடு 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே இங்கே குறி தவறியதும் தோட்டாவின் மேல் பழி போடுவது பெரும்பாலும் பொருந்தாது.

இரண்டு வகைத் தோட்டாக்களில் எது சிறந்தது என்று எப்படி அறிவது? இதில் ஐந்து, அதில் ஐந்து சுட்டு, நெருங்கி விழுந்ததைப் பாராட்டுவது வழக்கம். அது தற்செயலாகவும் இருக்கலாம். காற்று மாறியிருக்கும், சுடுபவனின் மூச்சும் மாறியிருக்கும். இதில் மூன்று, அதில் பத்து என்று சுட்டு ஒப்பிடுவதோ அநீதி. குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட அவை விழும் பரப்பும் விரிவது இயல்பு. ஒரே ரைஃபிள், ஒரே தாங்கி, சம எண்ணிக்கை, மாறி மாறிப் பல சுற்றுகள் என்பதே நேரான சோதனை. ஒரு ரைஃபிளுக்கு உகந்த தோட்டா மற்றொன்றுக்கு ஒவ்வாமலும் போகும். அதனால்தான் தேர்ந்த வீரர்கள் தங்கள் ரைஃபிளிலேயே பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்திய தொகுதியை மொத்தமாக வாங்கி வைக்கின்றனர்.

தோட்டாவுக்கே இத்தனை சோதனை வேண்டுமென்றால், மாணவனுக்கு வேண்டாமா? நான் கண்ட ஒரு முகாமில் ஐந்தே குண்டுகளைக் கொண்டு அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்த பாப்பாரப்பட்டி என் ஊர். எங்கள் பக்கத்து மாணவன் பலருக்குக் கல்லூரிக்கு வந்த பின்பே ரைஃபிள் கைக்கு எட்டுகிறது. முதல் இரண்டு குண்டுகள் அச்சத்திலேயே போய்விடும். மீதி மூன்றை வைத்து, "உனக்குக் கை வராது" என்று தீர்ப்புச் சொல்லலாமா?

தோட்டாவுக்குச் செலவாகும் என்பர். உண்மைதான். ஆனால் தோட்டா இன்றிக் குறி பார்த்து விசையை இழுத்துப் பழகச் செலவில்லை. முதலில் அப்பயிற்சியை அளித்து, பிறகு ஒரே ரைஃபிளில், ஒரே தொகுதித் தோட்டாவில், இரு வேறு நாள்களில் பத்துப் பத்துக் குண்டுகள் சுடச்செய்து தேர்ந்தெடுக்கலாம்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜாய்தீப் கர்மாகர் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் 1.9 புள்ளியில் வெண்கலத்தை இழந்து நான்காமவரானார். 2024 பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். அவர் மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூர் மாவட்டத்திலுள்ள கம்பல்வாடி என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். சிற்றூர்ப் பிள்ளைக்கும் கை வரும். அது வரும்வரை காத்திருக்கும் பொறுமையைத்தான் தேர்வு செய்யும் பெரியோர்களிடம் பணிவுடன் வேண்டுகிறேன்.