10,363 மோதல்கள்

2017 அக்டோபர் 22. கிளீவ்லாந்தில் டென்னசி டைட்டன்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் ஜோ தாமஸின் இடது கைத் தசை கிழிந்தது. 2007இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் சேர்ந்ததிலிருந்து, அணி பந்தைக் கையாண்ட ஒவ்வொரு முறையும் களத்தில் நின்றவர் அவர். காய்ச்சல், முழங்கால் வலி, தோல்வி உறுதியாகிவிட்ட கடைசி நிமிடங்கள் என எதுவும் அவரை வெளியே உட்காரவைத்ததில்லை. 167 ஆட்டங்கள், 10,363 தொடர் ‘ஸ்நாப்’கள். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல் பதிவுகளில் இதற்கு இணை கிடையாது. அன்றும் பிரவுன்ஸ் 12-9 என்று தோற்றது.

ஸ்நாப் என்பது நடுவில் குனிந்து நிற்பவர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் தரும் கணம். அதோடு ஆட்டம் உயிர்பெறும். சில விநாடிகளில் அடங்கும். அந்த விநாடிகளில், பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி நெருங்காமல் காப்பது வரிசையில் நிற்கும் ஐந்து லைன்மேன்களின் வேலை. முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை வழக்கமாக இவர்களுக்குக் கிடையாது. தாமஸ் நின்றது இடது ஓரத்தில். வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முதுகுப் பக்கம் அது. அங்கிருந்து வருபவர் அவர் கண்ணில் படமாட்டார்.

எதிராளி முன்னோக்கிப் பாய்ந்து வருவார். 140 கிலோ எடையுள்ள தாமஸ் பின்னோக்கிச் சறுக்கியபடியே அவரைத் தடுக்க வேண்டும். உள்ளங்கைகள் எதிராளியின் மார்பில் பதிய வேண்டும். விரல்கள் தோளுக்கு வெளியே சட்டையைப் பற்றி இழுத்தால் 10 கெஜம் அபராதம். நடுவர் ஒலிவாங்கியில் தாமஸின் சட்டை எண்ணை, “73ஆம் எண்” என்று, அரங்கம் முழுக்கக் கேட்க அறிவிப்பார். தவறு செய்யாதவரை அந்த எண்ணை யாரும் உச்சரிக்கப்போவதில்லை. கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பருக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். ஆனால், அவருக்குக் கேட்சும் ஸ்டம்பிங்குமாவது கணக்கில் ஏறும். குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவரின் பெயரை 1982 முதல் லீக் அதிகாரபூர்வமாகக் குறித்துவைக்கிறது. வீழாமல் காத்தவருக்கு அப்படியொரு கட்டம் அட்டவணையில் இல்லை.

இதனால்தான் தாமஸைப் போற்றுவோர் வருகைப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அவர் விளையாடிய காலம் முழுக்க பிரவுன்ஸ் ஒருமுறைகூட பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. அவர் 20 குவார்ட்டர்பேக்குகளுக்குக் காவல் நின்றார். அவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர் மாறவில்லை. 2023இல் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தபோதும் எல்லோர் வாயிலும் அந்த 10,363தான். விடாமுயற்சியின் சின்னமாக அந்த எண்ணைக் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது மோதல்களின் எண்ணிக்கை. ஒரு லைன்மேனின் மண்டை எத்தனை அதிர்வுகளைத் தாங்கியது என்பதற்கான தோராயமான கணக்கு அது.

அந்த அதிர்வுகள் என்ன செய்யும் என்பதற்கு மைக் வெப்ஸ்டரின் கதை முன்பே எழுதப்பட்டுவிட்டது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர், அதாவது நடுவில் குனிந்து பந்தைத் தருபவர்; என்எஃப்எல்லில் மொத்தம் 17 சீசன்கள், லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் நான்கு வெற்றிகள். கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, தன் பிக்கப் வண்டியிலேயே படுத்துறங்கிய அவர், 2002இல் 50 வயதில் இறந்தார். உடற்கூறாய்வு செய்த மருத்துவர் பென்னட் ஒமாலுவுக்கு மூளை வெளிப்பார்வைக்கு இயல்பாகவே தெரிந்தது. நுண்ணோக்கியில்தான் டௌ புரதத்தின் படிவுகள் தென்பட்டன. சிடிஇ எனப்படும் மூளைச் சிதைவு அது. அந்தக் கண்டறிதல் 2005இல் ஆய்விதழில் வெளியானது. தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டும் பெரிய மோதல்களைப் பார்த்துத்தான் நாம் பதறுகிறோம். ஆனால், மயக்கம்கூட வராத சிறு இடிகள் ஆண்டுக்கணக்கில் சேர்வதுதான் சிடிஇக்கு முக்கியக் காரணம் என்கின்றன ஆய்வுகள். லைன்மேனுக்கு விழுவது அந்த வகை இடிகள்; கிட்டத்தட்ட ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் விழுகின்றன.

தாமஸ் காயமடைவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் வெளியான ஓர் ஆய்வில், 111 முன்னாள் என்எஃப்எல் வீரர்களின் மூளைகளில் 110இல் சிடிஇ காணப்பட்டது. அறிகுறிகளைக் கண்டு கவலைப்பட்ட குடும்பங்கள் பெரும்பாலும் தானமளித்தவை என்பதால், எல்லா வீரர்களுக்கும் அந்த விகிதத்தைப் பொருத்திவிட முடியாது. ஆய்வு வெளியான இரண்டாம் நாள், பால்டிமோர் ரேவன்ஸ் லைன்மேன் ஜான் உர்ஷல் 26 வயதில் ஓய்வை அறிவித்துவிட்டு எம்ஐடியில் கணித ஆய்வைத் தொடர்ந்தார். அவருக்குப் போக வேறு இடம் இருந்தது. பலருக்கு இல்லை.

தாமஸ் ஏன் ஒருமுறைகூட ஓய்வெடுக்கவில்லை? அவரது தன்மானம் என்று வைத்துக்கொள்வோம். அவர் நட்சத்திரம், அவரை யாரும் விரட்டியிருக்கப் போவதில்லை. ஆனால், என்எஃப்எல் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றின் முழுத் தொகைக்கும் உத்தரவாதம் கிடையாது. மூன்றாம் ஆண்டு லைன்மேன் தலைசுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வெளியேறினால், அந்த இடத்துக்கு வந்தவரே அதை வைத்துக்கொள்ளலாம். தாமஸுக்குச் சூட்டும் மாலை அந்த இளைஞனுக்குச் சாட்டையாகிறது. உடலை ஊதவைப்பதும் இந்தத் தொழிலின் நிபந்தனைதான். ஒரு முழு பீட்சா, பிறகு பிஸ்கட், அதன்மேல் ஐஸ்கிரீம் என்று எடையைக் கட்டிக்காத்த தாமஸ், ஓய்வுபெற்றதும் 20 கிலோவுக்கு மேல் இறக்கினார். நினைவாற்றல் மங்குவதை உணர்வதாகவும், காரணம் வயதா ஆட்டமா என்று தெரியவில்லை என்றும் 2017இலேயே சொன்னார்.

மோதல்களைக் குறைக்க முடியாது என்பதும் உண்மையல்ல. வீரர்களுடன் லீக் செய்துகொண்ட 2011 தொழிலாளர் ஒப்பந்தம், சீசன் நடக்கும்போது முழுக் கவசப் பயிற்சிகளை 14ஆகக் கட்டுப்படுத்தியது. 2021இல் லீக் ஆட்டங்களை 16இலிருந்து 17ஆக உயர்த்தியது; ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்ட கதை. கணக்கெடுப்பதும் லீகுக்குப் புதிதல்ல. களத்தில் நின்ற ஸ்நாப்களை எண்ணிப் பார்த்து ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தை அதுவே நடத்துகிறது. அதே எண்ணைக் கொண்டு மருத்துவக் காப்பீட்டின் காலத்தையும் நிர்ணயிக்கலாமே? இப்போது மூன்று சீசன்களை முடித்தவருக்கு, ஓய்வுக்குப் பின் ஐந்து ஆண்டுகள்வரை காப்பீடு. சிடிஇ தலைகாட்டப் பல ஆண்டுகள், சிலருக்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகின்றன. கூடுதல் ஊனமுற்றோர் தொகைக்கு வெப்ஸ்டர் உரியவர்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் உறுதிசெய்தபோது, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.