வெளிநடப்பு மட்டும் போதாது

2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் வேளாண் சட்டங்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்பட்டன. எதிர்ப்புத் தெரிவித்த எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். இடதுசாரிகள் உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்தன. வெறிச்சோடிய எதிர்வரிசைக்கு முன்னால் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தடையின்றி நிறைவேறின.

வேளாண் சட்டங்கள் இன்று இல்லை. சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்து விவசாயிகள் அவற்றை வீழ்த்தினர். தொழிலாளர் தொகுப்புகளோ 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்துவிட்டன. 300-க்கும் குறைவானோர் பணியாற்றும் ஆலையை அரசின் அனுமதியின்றியே மூடலாம். ஆனால் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும்!

அவையில் எழும் முழக்கம் அவசியமே. ஆயினும் ஒன்றிய பாஜக அரசு பணிந்தது வீதியில் திரண்ட மக்களுக்குத்தான். பிரதான எதிர்க்கட்சியான காங்கிரஸ் இதை உணர வேண்டும். 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் அதன் தொழிற்சங்கமான ஐஎன்டியுசி பிற மத்திய சங்கங்களுடன் தோளோடு தோள் நின்றது. அக்கட்சியின் முழு வலிமையும் அவ்வணியில் இறங்க வேண்டும். 1991இல் தான் திறந்துவிட்ட தாராளமயப் பாதையை மறுபரிசீலனை செய்யாமல் அது இயலாது.

தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் உள்ளது. தான் ஆளும் மாநிலங்களில் இத்தொகுப்புகளைச் செயல்படுத்த மறுப்பதே காங்கிரசின் உறுதிக்கு உரைகல்.