சைக்கிள் சட்டமும் நம் கைகளும்

பள்ளிக்கூடம் ஏட்டுக் கல்வியை மட்டும் புகட்டும் இடம் அன்று. கைகளுக்கும் பாடம் சொல்லித்தரும் இடம் என்று நம் ஆசிரியைகள் அடிக்கடி கூறுவார்கள். அப்படியானால் பெண்களின் கைகளுக்கு எந்தப் பாடத்தைத் தருவது? ஊசியும் நூலும் மட்டும் போதுமா? அரமும் அளவுகோலும் வேண்டாமா?

இவ்வாண்டு கைவேலை வகுப்பில் பத்தாம் வகுப்பு மாணவியர் பன்னிருவர் சேர்ந்து ஒரு சைக்கிளுக்குச் சட்டம் செய்து முடித்தோம். சட்டம் என்றால் ப்ரேம். பார்த்தவர்களில் பலர் பாராட்டினார்கள். சிலரோ, "பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு?" என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டும் இவ்வேலை தொடருமா என்பது இன்னும் முடிவாகவில்லை. தொடர வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணங்களைத் தோழியர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்கிறோம்.

முதலில் சட்டத்தின் சிறப்பைப் பார்ப்போம். 1885ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்னும் சைக்கிளை உருவாக்கினார். இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. மிதித்தால் சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றும். அடுத்த சில ஆண்டுகளில் அதன் சட்டம் இன்று நாம் காணும் சாய்சதுர வடிவை அடைந்தது. உற்று நோக்கினால் அதில் இரண்டு முக்கோணங்கள் தெரியும். நான்கு ஈர்க்குச்சிகளை மூலைகளில் கட்டிச் சதுரமாக்கி அழுத்திப் பாருங்கள், சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளைக் கட்டி முக்கோணமாக்கி அழுத்துங்கள், அசையாது. மூன்று பக்கங்களின் அளவு முடிவாகிவிட்டால் முக்கோணத்தின் வடிவமும் முடிவாகிவிடுகிறது. கணக்கு நோட்டில் ப-ப-ப என்று எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அந்த விதிதான் தினமும் நம்மைச் சுமந்து வருகிறது!

இனி 'லேடீஸ் சைக்கிளை'ப் பார்ப்போம். மேல் பார் கீழே இறக்கப்பட்டு, கீழ்ப் பாருக்கு அடுத்தாற்போல் ஓடுகிறது. நீண்ட பாவாடையும் சேலையும் தடுக்காமல் ஏறி இறங்குவதற்காகச் செய்யப்பட்ட மாற்றம் இது. நல்ல எண்ணந்தான். ஆனால் முன்பக்கத்து முக்கோணம் அதனால் போய்விட்டது. அதே உறுதி வேண்டுமானால் குழாயைக் கனமாக்க வேண்டும். அந்தக் கனத்தையும் சேர்த்து மிதிப்பவர் யார்? நாம்தான். நமக்காக எங்கோ யாரோ ஒருவர் எடுத்த முடிவு நம் முழங்காலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இது இத்தனை நாள் நமக்குத் தெரியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெருந்துணையாக நின்றார். பெண்களுக்கான சைக்கிள்கள் போதிய அளவு கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் பின்வாங்கினார்களா? இல்லை, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள். மேல் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! பெண்ணுக்கு ஏற்றது எது என்பதை ஓட்டுகிற பெண்ணே சொல்ல வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாங்களும் அப்படித்தான் முடிவு செய்தோம். இன்று நாம் சுடிதார் அணிந்து பள்ளிக்கு வருகிறோம். மேல் பார் இருக்கலாம். ஆனால் உயரம் குறைந்தவர்களும் எளிதில் ஏற வேண்டும். ஆகவே மேல் பாரை முன்னிருந்து பின்னாகச் சாய்த்தோம். உயரம் குறைந்தது, முக்கோணம் குறையவில்லை. இதற்காக வகுப்பில் அனைவருடைய கால் அளவையும் தையல் டேப்பினால் எடுத்தோம்.

தலைக்குழாய், பி.பி. அச்சு ஓடும் கூடு, பின்சக்கரம் பொருந்தும் தகடுகள், போர்க் ஆகியவற்றைப் பழைய சைக்கிள் ஒன்றிலிருந்து அறுத்தெடுத்தோம். மற்றவை புதுக் குழாய்கள். ஒரு குழாயின் முனை இன்னொன்றின் மேல் இடைவெளியின்றிப் படிய வேண்டுமானால் முனையைப் பிறைபோல் குழித்து வெட்ட வேண்டும். இங்கேதான் தையல் வகுப்பு கைகொடுத்தது. ரவிக்கைக்குக் காகிதத்தில் மாதிரி வெட்டுவதுபோல, குழாயைச் சுற்றிக் காகித மாதிரி ஒட்டி, கோடு போட்டு, அறுத்து, அரத்தால் தேய்த்தோம். ஆகையால் தையலுக்கு எதிராக நாங்கள் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். கழுத்துப்பட்டியைச் சுருக்கமின்றித் தைக்கும் விரல்களுக்குக் குழாய் முனையைப் பொருத்துவது கடினமன்று.

முடிவில் நூல் பிடித்துச் சரிபார்த்தோம். பின்தகடு ஒன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுதகட்டில் கட்ட வேண்டும். நடுவிலுள்ள சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருந்தால் சட்டம் நேர். எவ்வளவு எளிய சோதனை!

இனி மறுப்புகளுக்கு வருவோம். "நெருப்போடு விளையாட்டா?" என்கிறார்கள் சிலர். நெருப்பு ஆபத்தானதுதான். ஆனால் அடுப்படியில் பெண்ணுக்கும் நெருப்புக்கும் நாள்தோறும் பழக்கம். அங்கே கண்ணாடி அணிந்துகொள் என்று யாரும் சொல்வதில்லை. பட்டறையிலோ கறுப்புக் கண்ணாடி, தோல் கையுறை, திறந்த வெளி என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. துத்தநாகம் பூசிய குழாயைச் சூடாக்கினால் வரும் புகை உடலுக்குத் தீங்கு என்பதால் அத்தகைய குழாயைத் தொடவே இல்லை. கேஸ் சுடரைப் பிடித்தவர் அனுபவமுள்ள பட்டறை அண்ணன். இரும்பு உருக 1500 டிகிரி வேண்டும். பித்தளைக் கம்பி 900 டிகிரி அளவிலேயே உருகிவிடும். எனவே குழாய் உருகாமலே மூட்டுப் பிடித்துக்கொள்கிறது. நகை ஆசாரி பயன்படுத்தும் வெண்காரத்தை மூட்டுகளில் பூசியது எங்கள் வேலை.

"அப்படியானால் செய்தவர் அவர்தானே?" என்று கேட்கலாம். வீடு கட்டும்போது செங்கல் அடுக்குபவர் ஒருவர், வரைபடம் போடுபவர் ஒருவர். எந்தக் கோணம், எவ்வளவு நீளம், எதை விடுவது, எதைக் காப்பது என்பவற்றை முடிவு செய்தவர்கள் நாங்கள். அடுத்த ஆண்டு எங்கள் தங்கையர், ஆசிரியையின் மேற்பார்வையில் கழிவுத் துண்டுகளில் பற்றவைக்கவும் பழகட்டும் என்பது எங்கள் ஆசை.

"கடையில் வாங்கினால் மலிவாயிற்றே! 11ஆம் வகுப்பில் அரசே தருகிறதே!" என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். 2001ஆம் ஆண்டில் தொடங்கிப் படிப்படியாக விரிந்த அந்தத் திட்டத்தால் தூரத்து ஊர்ப் பெண்கள் பலர் மேல்நிலைப் படிப்பை எட்டியிருக்கிறார்கள். ஆனால் கிடைத்த சைக்கிள் மூட்டில் விரிசல் கண்டால் என்ன ஆகும்? சைக்கிள் திண்ணையில் சாயும். சில வீடுகளில் படிப்பும் அதோடு சாயும். விரிசலைக் கண்டறியத் தெரிந்த பெண், "அண்ணே, இந்த மூட்டைப் பிரித்துப் புதிதாகப் பற்றவையுங்கள்" என்று சொல்லிச் செய்து வாங்குவாள். நாங்கள் செய்த சட்டம் மலிவானதன்று; அதில் பெற்ற அறிவு கடையில் கிடைப்பதன்று.

"பொதுத்தேர்வு கெடாதா?" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். வாரம் ஒரு பிற்பகல், அதுவும் கைவேலைக்கு ஒதுக்கிய நேரமே செலவாயிற்று. ஒன்பதாம் வகுப்பிலேயே இதைத் தொடங்கினால் அந்த அச்சமும் தீரும்.

நாசரேத்தூரில் புனித சூசையப்பர் தச்சுத் தொழில் செய்தார். நம் ஆண்டவரும் தச்சர் என்றே ஊராரால் அழைக்கப்பட்டார். 1955ஆம் ஆண்டு பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். அந்நாளில் சிற்றாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாம், கருவி பிடித்த கையைத் தாழ்வாக எண்ணலாமா?

ஆகவே மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களையும் பெற்றோர்களையும் பணிவுடன் வேண்டுகிறோம். ஆண்டுக்கு ஒரு சட்டம் போதும். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் அளந்து, வரைந்து, வெட்டி, நூல் பிடித்துப் பார்க்கட்டும். முடிந்த சைக்கிளை, நெடுந்தூரம் நடந்து வரும் ஒரு தங்கைக்குக் கொடுப்போம். தோழியரே, நமக்கு எது ஏற்றது என்பதை நாமும் சேர்ந்து முடிவு செய்யக் கற்போமாக!